பீரோவில் இருக்கும் ஹெலிகாப்டர்



வைகாசி கருடசேவைப் படங்களைப் போட்டபோது இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு எழுதப்போவது சாமி விஷயம் இல்லை, ஒரு பொம்மை விஷயம். 36 வருஷத்துக்கு மேலாக என் பீரோவில் இருக்கிற பொம்மை. அது என்னுடையது இல்லை. யாருடையது என்று கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோடை விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பேரனுக்கு எட்டு வயது. வந்து இறங்கியதும் காலில்கூடத் தண்ணீர் ஊற்றவில்லை, கையில் ஒரு ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு, "பாட்டி, இங்க பாருங்க" என்றான். வாலை மடக்கினான், வயிற்றைத் திறந்தான், இரண்டு பக்கமும் எதையோ இழுத்தான். ஹெலிகாப்டர் எழுந்து மனிதனாக நின்றது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

மகன் சிரித்தான். "ஞாபகம் இருக்காம்மா? சின்ன வயசுல நான் கேட்டு நீ குடுக்காத பொம்மை. அந்தக் காலத்து மாடலையே இப்ப திரும்பப் போட்டிருக்காங்க. பார்த்ததும் வாங்கிட்டேன்" என்றான். நாற்பது வயது ஆள், தன் பிள்ளைக்கு என்று சொல்லி தனக்கு வாங்கியிருக்கிறான்.

பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்த மஞ்சள் துணிப்பையை எடுத்துவந்தேன். பழையதையும் புதியதையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

பழையது கனம். மார்பும் காலும் உலோகம். விசிறி இறக்கைகளின் ஓரத்தில் விரலை வைத்தால் கீறும். மனித உருவத்துக்கு மாறினால் நிற்கும், கையைத் தூக்கும், அவ்வளவுதான். முட்டி மடங்காது. கூடவே பட்டாணி அளவில் இரண்டு குண்டுகள். பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் தள்ளி அவை பாயும். அவற்றை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

புதியதில் முகம் அதே, நீலமும் வெள்ளையும் அதே. ஆனால் முட்டி, முழங்கை, கழுத்து எல்லாம் மடங்குகிறது. ஒற்றைக் காலில்கூட நிற்கவைத்தான் பேரன். உலோகம் குறைந்து பிளாஸ்டிக் கூடியிருக்கிறது. இறக்கை ஓரம் மழுங்கியிருக்கிறது. குண்டு இருக்கிறது, பாயாது. "இது சுடாதா?" என்று நான் கேட்டதற்கு, "சுடுற மாதிரி வெச்சுக்கணும் பாட்டி" என்றான்.

எதை விட்டுவைத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று பார்க்கும்போது எனக்குள் இருந்த வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. மகனைக் கேட்டும், கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்த உருமாறும் பொம்மைகளின் பிறந்த வீடு ஜப்பான். 1982இல் பண்டாய் குழுமத்தைச் சேர்ந்த பாப்பி என்ற கம்பெனி 'மெஷின் ரோபோ' என்று சின்னச் சின்னப் பொம்மைகள் போட்டது. ஒன்று 600 யென். அவற்றை அமெரிக்காவில் டோங்கா கம்பெனி 'கோபாட்ஸ்' என்று பெயர் மாற்றி விற்றது. ஜெட் விமானம், மோட்டார் சைக்கிள், ஹெலிகாப்டர் எல்லாம் அதில் உண்டு. 1984இல் இன்னொரு ஜப்பான் கம்பெனியான டகாராவின் பொம்மைகளை வாங்கி ஹாஸ்ப்ரோ 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று இறக்கியது. சினிமாவாக வந்து நீங்கள் எல்லாம் பார்த்தது அதுதான். 1991இல் ஹாஸ்ப்ரோ டோங்காவையே வாங்கிவிட்டது. அன்றைக்கு அதை வைத்து விளையாடிய பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறவர்கள், அதனால் பழைய பொம்மைகளைத் திரும்பப் போடுகிறார்கள். 2024இல், ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்து 40 வருஷம் ஆனதற்கு, அந்த லாரி ரோபோவை அதே பழைய தோற்றத்தில், ஆனால் கைகால் நன்றாக மடங்குகிற மாதிரி ஜப்பானில் வெளியிட்டார்கள்.

குண்டு ஏன் பாயவில்லை என்பதற்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. 1978 கடைசியில் அமெரிக்காவில் ஒரு சிறுவன் பொம்மை விமானத்தின் குண்டை வாயில் வைத்து அழுத்த, அது தொண்டையில் சிக்கி இறந்துபோனான். அடுத்த மாதமே அந்தப் பொம்மைகளைத் திரும்பப் பெற்றார்கள். சின்ன உறுப்புகளுக்கு அங்கே 1980இல் கட்டுப்பாடு வந்தது. நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஓரம் கீறுமா, உறுப்பு கழன்று தொண்டையில் போகுமா, வர்ணத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள்.

என் பீரோவில் இருப்பது அந்த ஜப்பான் அசல் இல்லை. மகன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பெனி பெயர் எங்கும் இல்லை, 'மேட் இன் தைவான்' மட்டும் இருக்கிறது. "நகல்மா" என்றான். அந்த நாளில் இந்த மாதிரி நகல்கள் சிங்கப்பூரிலும் சென்னை பர்மா பஜாரிலும் நிறைய வந்தன.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். சென்னை எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி 1987இல் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. ஆலை கோவாவில் இருந்தது, பிறகு நம் பக்கத்து ராணிப்பேட்டையிலும் வந்தது. அமெரிக்காவில் 1994இல் நின்றுபோன 'ஜி.ஐ. ஜோ' சிப்பாய்களை, அதே அச்சில் வேறு வர்ணம் கொடுத்து, அதற்குப் பிறகும் இங்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களில் எத்தனை பேர் அதை ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவைத்து என்னிடம் மாட்டியிருக்கிறீர்கள்!

நம் ஊரே பழைய அச்சில் புதுப் பொம்மை போடுகிற ஊர்தானே. சின்ன காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். காகிதக் கூழும் களிமண்ணும் அச்சில் வைத்து அழுத்தி, காயவைத்து, பிசிறு தேய்த்து, வர்ணம் தீட்டி, கண் திறப்பார்கள். தசாவதார செட்டின் அச்சு அப்பா காலத்தது, சில வீடுகளில் தாத்தா காலத்தது. வர்ணம் மாறும், புடவைக் கரை மாறும், உருவம் மாறாது. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்தி வரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தாரே, முதலில் படுத்த கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். அந்த வருஷ நவராத்திரிக்கு இரண்டு கோலத்திலும் பொம்மை வந்துவிட்டது. நானும் ஒரு ஜோடி வாங்கினேன். 1979இல் அவர் வந்தபோது எனக்கு இருபது வயது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். நாற்பது வருஷம் கழித்துக் குளத்திலிருந்து அதே பெருமாள் வந்தார், வரிசையில் நின்ற நான்தான் மாறியிருந்தேன்.

புடவையும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அடை கட்டி நெய்தார்கள். பிறகு ஜக்கார்டு பெட்டியும் துளை போட்ட அட்டையும் வந்தன. இப்போது டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அம்மையார் 1937இலேயே தறி போட்டு, பழைய புடவைகளின் கரையையும் நிறத்தையும் பார்த்துத் திரும்ப நெய்யவைத்தார். எத்தனை மாறினாலும் அசல் காஞ்சிப் பட்டு என்றால் கோர்வை இருக்கவேண்டும் என்பார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பல்லும் பல்லும் சேர்வது போலச் சேர்ந்திருக்கும். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் இரண்டைத்தான் பார்க்க முடியும். மூன்றாவது நாடாவைப் போடப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரவேண்டும். என் காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளை.

இப்போது அந்த ஹெலிகாப்டர்காரனிடம் வருகிறேன்.

1988. எனக்கு 29 வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்து ஏழு வருஷம். அப்போது பிள்ளையார்பாளையம் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலை ஒட்டி மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். பெயர் எழுதப்போவதில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவான். தீபாவளி முடிந்து பள்ளி திறந்த வாரம், சிங்கப்பூரிலிருந்து வந்த அவன் மாமா கொடுத்தது என்று இந்தப் பொம்மையைக் கொண்டுவந்தான். சமூக அறிவியல் பாடத்தில் பெஞ்சுக்கு அடியில் 'டிக், டிக்' என்று சத்தம். நாலு பையன்கள் குனிந்திருக்கிறார்கள். நான் பின்னால் போய் நின்றதுகூடத் தெரியவில்லை.

பிடுங்கிக்கொண்டேன். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்து வாங்கிக்கோ" என்றேன்.

அந்த நாளில் என் சட்டம் அது. எதைப் பிடித்தாலும் அப்பா வந்தால்தான் திரும்பக் கிடைக்கும். கண்டிப்பான டீச்சர் என்று பேர் வாங்கியிருந்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. தறியில் உட்கார்ந்தவர் பகலில் எழுந்து பள்ளிக்கூடம் வந்தால் அன்றைய நெசவு போச்சு என்பது எனக்குத் தெரியாததல்ல. தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவள்தானே நானும். தெரிந்தும் சட்டத்தை மாற்றவில்லை.

அப்பா வரவில்லை. தினமும் மாலை மணி அடித்ததும் பையன் என் மேஜை பக்கம் ஒரு நிமிஷம் நிற்பான். வாய் திறந்து கேட்கமாட்டான். டிராயரைப் பார்ப்பான், போய்விடுவான். அரையாண்டுப் பரீட்சை எழுதினான். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை.

மூன்று வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரே கூடம், அதில் பாதி தறி. அப்பா குழியில் காலை வைத்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்துப் பலகையில் பையன். மூன்றாவது நாடா அவன் கையில்.

"டீச்சரம்மா, எம்புள்ள படிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லியா? கோர்வைக்கு ஆள் வெச்சா கூலி யாரு குடுக்கறது? பொண்ணு கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கிட்டேன். அது கழியிற வரைக்கும்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் பேசவேண்டியதை எல்லாம் பேசினேன். இலவசப் புத்தகம், சத்துணவு, ஐந்தாவதாவது முடிக்கட்டும் என்று. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்திருந்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. ஆகவே என்னால் சட்டமும் பேச முடியவில்லை.

நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையில் பொம்மை இல்லை. கிளம்பும்போது டிராயரைத் திறந்து பார்த்தேன். எடுத்துப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்பா வரட்டும் என்று சொல்லியிருக்கிறோம், நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் நாளைக்கு என்ன நினைக்கும் என்று டிராயரை மூடிவிட்டேன். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது அவன் திரும்பவும் பையைப் பார்த்தான். பிறகு நாடாவைப் போட்டான்.

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவர் உட்பட.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் பரீட்சை, விடைத்தாள், என் பிள்ளைக்கு அம்மை என்று நாள் ஓடிவிட்டது. ஏப்ரலில் பொம்மையை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. வேறு முதலாளியின் தறிக்கு மாறி ஊரின் வேறு பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக 'நீக்கம்' என்று எழுதியது என் கைதான். சிவப்பு மை.

பொம்மையால் அவன் படிப்பு நின்றது என்று நான் சொல்லவில்லை. நான் கொடுத்திருந்தாலும் அந்த முன்பணம் கழிந்திருக்காது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, அதை நான் வைத்துக்கொண்டேன். தனக்கு வரவேண்டியதைப் பள்ளிக்கூடம் தரவில்லை என்ற எண்ணத்தோடுதான் அவன் அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பான்.

அடுத்த ஜூனிலிருந்து என் சட்டத்தை மாற்றினேன். வகுப்பில் விளையாட்டுச் சாமான் கூடாது, பிடிபட்டால் என் டிராயருக்குள் போகும். அதில் மாற்றமில்லை. ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் அது உரியவன் கைக்குப் போய்விடும். அப்பா வேண்டாம், அம்மா வேண்டாம். உங்களில் பம்பரம், கோலி, வீடியோ கேம், ஜி.ஐ. ஜோ என்று என்னிடம் பறிகொடுத்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். "டீச்சர் சாயங்காலமே குடுத்துடுவாங்கடா" என்று நீங்கள் என் காதுபடவே பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. காரணம் அந்தப் பையன்தான்.

மேஜையில் இருந்த இரண்டு ஹெலிகாப்டர்களையும் பார்க்கும்போது அதுதான் தோன்றியது. பழையதைத் திரும்பச் செய்கிறவர்கள் உருவத்தை விட்டுவிட்டு, கீறுகிற ஓரத்தை மட்டும் மழுக்கியிருக்கிறார்கள். தொண்டையில் சிக்குகிற குண்டைப் பாயாமல் செய்திருக்கிறார்கள். மடங்காத முட்டியை மடங்க வைத்திருக்கிறார்கள். கண்டிப்பும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஏழு வருஷம் வேலை பார்த்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் செலவில் கற்றுக்கொண்டேன்.

பிறகு காலம் கொஞ்சம் மாறியது. தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு நம் மாவட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, வீட்டு வேலையானாலும் பள்ளி நேரம் போகத்தான் என்று ஆக்கினார்கள். இன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் நடந்தால் பல வீடுகளில் தறிச் சத்தமே இல்லை. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு பஸ் ஏறுகிறார்கள். அதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இரண்டும் தோன்றும்.

என் மகன் ஐந்து வயதில் இந்தப் பொம்மையைக் கேட்டு அழுதான். "அது வேற பிள்ளையோடது, நம்மளது இல்லை" என்று சொல்லிப் பீரோவைப் பூட்டினேன். இப்போது பேரன் பழையதைக் கையில் எடுத்து, "கனமா இருக்கு, இதுதான் சூப்பர். இதை நான் வெச்சுக்கட்டுமா பாட்டி?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் மகன், "அது வேற பையனோடதுடா" என்றான். பேரன் ஒன்றும் சொல்லாமல் வாலை நீட்டி, கையை உள்ளே தள்ளி, அதைத் திரும்ப ஹெலிகாப்டராக்கி என்னிடம் கொடுத்தான்.

தம்பி, உனக்கு இப்போது 46, 47 வயது இருக்கும். தறியில் இருக்கிறாயா, ஆட்டோ ஓட்டுகிறாயா, வேறு ஊரில் இருக்கிறாயா, தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் 1988-89இல் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். தயவுசெய்து பெயரைப் பொதுவில் எழுதவேண்டாம். அவனிடம் சொல்லுங்கள், அல்லது எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

பொம்மை நன்றாக இருக்கிறது. வர்ணம் இரண்டு இடத்தில் உதிர்ந்திருக்கிறது, மற்றபடி பழுதில்லை. இரண்டு குண்டும் தீப்பெட்டியில் இருக்கின்றன. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியாக எடுத்துவைத்துவிடு.

வீடு அதே வீடுதான். சாயங்காலம் நாலரைக்கு மேல் எப்போதும் இருப்பேன். முடியவில்லை என்றால் எங்கே என்று சொல், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்